கசெற்றில் மிஞ்சிய டென்மார்க்

டென்மார்க் நாட்டுச் சங்கீதக்காரர்களைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும் என்று சொன்னால் என் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அதிலும் பெயர்பெற்றவர்களைப் பற்றியல்ல. அந்த நாட்டுக்காரரே மறந்துபோனவர்களைப் பற்றி. சிறிய ஊர்த் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர்கள், பள்ளிக்கூடத்தில் பாட்டுப் படிப்பித்தவர்கள், ஒரேயொரு தடவை இசைத்தட்டில் ஏறி அத்தோடு அடங்கிப்போனவர்கள். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் என் நாக்குக்கு அவை இன்றுவரை வசப்படவில்லை. இந்தப் படிப்பெல்லாம் எனக்கு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வாடகை அறையில் கிடைத்தது. வாத்தியார் என்று யாரும் இல்லை. பழைய கசெற் றெக்கோடர் ஒன்றுதான் இருந்தது.

யுத்தம் நடந்த காலம். என்னை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கூட்டிவந்து, டென்மார்க்கிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். கொட்டாஞ்சேனைக் கோயில் ஒன்றில் தாலி ஏறியது. மாலையின் வாசம் போவதற்குள் அவருடைய லீவும் முடிந்துவிட்டது. என்னுடைய விசா வரும்வரை நானும் அவருடைய அம்மாவும் வெள்ளவத்தையில் இருப்பதென்று ஏற்பாடு. மாமிக்குப் பிறசர், இரத்த அழுத்தம். எனக்குத் துணையாக அவர் இருந்தாரா, அவருக்குத் துணையாக நான் இருந்தேனா என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது.

கலியாணம் கட்டியவரோடு நான் தனியாகக் கதைத்தது மிகக் கொஞ்சம். அவர் இங்கே நின்ற அந்தச் சில நாள் பின்னேரங்களில் இரண்டு பேருமாகத் தண்டவாளப் பக்கம் நடப்போம். அவர் ஏதோ சொல்லத் தொடங்குவார், ரயில் வந்துவிடும். அது கூச்சலிட்டுக் கடந்துபோன பிறகு என்ன சொல்ல வந்தார் என்பது அவருக்கே மறந்திருக்கும். மீன் தொழிற்சாலையில் வேலை, தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போடுவார், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுவார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விசா வருமா என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது எனக்குள் வேறொரு பயம் இருந்தது. விசா வந்துவிட்டால், இந்த மனிதரோடு என்னத்தைக் கதைத்து ஒரு ஆயுளை ஓட்டுவது?

அவர் கடிதம் எழுதப் பஞ்சிப்படுகிறவர். அதனால் கசெற்றில் கதைத்து அனுப்புவார். அப்போது வெளிநாட்டிலிருந்த எங்கள் ஆட்களில் பலர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் கசெற் தபாலில் வந்த உடனே அதைப் போட்டுக் கேட்க முடியாது. கொட்டாஞ்சேனையிலிருந்து மச்சாள், அதாவது அவருடைய அக்கா, ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து சேரவேண்டும். எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றவேண்டும். அதற்குப் பிறகுதான் பொத்தானை அமத்தலாம். அது மாமியின் சட்டம்.

"பிள்ளை எல்லாருக்கும் பொதுவாத்தானே கதைச்சிருப்பான். அதை ஒராள் மட்டும் ஒளிச்சுக் கேக்கிறது வடிவில்லை," என்பார். ஒளித்துக் கேட்கக்கூடிய அந்த ஒராள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

பொதுவாகத்தான் கதைத்திருப்பார். அம்மாவின் பிறசர் குளிசை, அக்காவின் பிள்ளைகளின் படிப்பு, பனி, சப்பாத்து, அரிசி விலை. என் முறை வரும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவவும் சுகமா இருப்பா எண்டு நினைக்கிறன். விசா அலுவல் ஓடிக்கொண்டு இருக்கு எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ," என்பார். நான் றெக்கோடருக்கு முன்னால் குந்திக்கொண்டு இருப்பேன். தாயும் தமக்கையும் கேட்டுக்கொண்டிருக்க, வேறு என்னத்தைத்தான் சொல்வார்? எனக்கு அது விளங்கியது. விளங்கினாலும் எரிச்சல் வராமல் இல்லை.

முதலாவது கசெற்றில் அவர் கதைத்து முடித்ததும் ஒரு 'டக்' சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு, நடுவழியில் கதவைத் திறந்ததுபோல, சங்கீதம் வந்தது. வயலின்கள், பெரிதும் சிறிதுமாக. மாமி உடனே எழும்பினார்.

"நிப்பாட்டு பிள்ளை. பற்றரி போகப்போகுது."

றெக்கோடர் சுவரிலுள்ள பிளக்கில் கரண்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மாமி, யுத்தத்தால் பற்றரிக்குத் தடை இருந்து, ஒன்று கையில் கிடைத்தால் நகைப்பெட்டிக்குள் வைக்கிற ஊரிலிருந்து வந்தவர். அந்தப் பழக்கம் கொழும்புக்கு வந்தும் விடவில்லை. மச்சாளைப் பஸ் ஏற்றிவிட மாமியும் அவரோடு வெளியே போனார். நான் நிறுத்துவதற்காகப் பொத்தானில் கையை வைத்தேன். நிறுத்தவில்லை.

ஒரு பெரிய வயலின் கீழே நின்று முனகியது. மற்றவை அதைச் சமாதானப்படுத்தப் பார்த்தன. அது சமாதானமாகவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, சத்தம் குறைந்து, போய்விட்டன. சரளி வரிசையோடு சங்கீதத்தைக் கைவிட்டவள் நான். ஆனாலும் கை மயிர் சிலிர்த்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று 'விளங்கியது'. தாய்க்கு முன்னால் சொல்ல முடியாததை இந்த மனிதர் எனக்கு இப்படி வைத்து அனுப்பியிருக்கிறார். குரல் முடிந்ததும் மற்றவர்கள் எழும்பிப் போவார்கள், நான் மட்டும் இருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கசெற்றின் முன்பாதி வீட்டுக்கு; மிச்சம் எனக்கு.

அந்த எண்ணம் வந்த பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். அடுத்த கசெற்றில் பியானோ வந்தது. யாரோ வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்தில் தனக்குத்தானே வாசிப்பதுபோல இருந்தது. அவர் தனிமையில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அந்தக் கிழமை முழுவதும் கவலைப்பட்டேன். அதற்கடுத்ததில் ஆர்கன். கோயில் குளம் என்று மனம் திரும்பியிருக்கிறது, நல்லது என்று நினைத்தேன். இன்னொன்றில் ஒரு பெண் பாடினாள். பாஷை விளங்காவிட்டாலும் அவள் யாரையோ வரச்சொல்லிக் கேட்கிறாள் என்பது விளங்கியது. எனக்கு வெட்கம் வந்துவிட்டது. சமைத்துக்கொண்டிருந்த மாமி குசினியிலிருந்து, "என்ன பிள்ளை, தனிய இருந்து சிரிக்கிறாய்?" என்று கேட்டார்.

கசெற்றுகளின் மேல் ஒட்டியிருந்த தாள்களை அவர் தண்ணீரில் நனைத்துச் சுரண்டி எடுத்திருந்தாலும், எழுத்துகளில் சில மிஞ்சியிருந்தன. நடுவில் கோடு இழுத்த இங்கிலிஷ் 'ஓ', தலையில் வளையம் வைத்த 'ஏ'. அவற்றைக் கையில் எழுதிக்கொண்டு கொழும்பு நூலகத்துக்கு ஒருநாள் போனேன். உலகச் சங்கீதம் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைத் தேடிப்பிடித்துத் திறந்தால், ஜேர்மன்காரருக்குப் பக்கம் பக்கமாக இருந்தது, டென்மார்க்குக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தையும் பெரிய ஆள் ஒருவர் தனியே பிடித்துக்கொண்டு இருந்தார். என் ஆட்கள் ஒருவரும் இல்லை. எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் கோபம் வந்தது. அதேநேரம் உள்ளுக்குள் ஒரு பெருமையும் வந்தது. புத்தகத்திலும் இல்லாத ஆட்களை எனக்காகத் தேடியல்லவா அனுப்பியிருக்கிறார்!

அந்தக் காலத்தில்தான் ஒருநாள் விடியற்காலை ஒழுங்கை முழுவதும் சுற்றிவளைப்பு. எங்கள் அறைக்கும் பொலிஸ்காரர் வந்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் பார்த்து முடிந்தது. போகிற நேரத்தில் ஒருவர் அலுமாரிக்கு மேலிருந்த கசெற்றுகளைக் கண்டுவிட்டார்.

"மேவா மொனவத?" என்றார் சிங்களத்தில், இவை என்ன என்று.

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். வந்தவர் ஒன்றை எடுத்து றெக்கோடரில் போட்டார். என் புருஷனின் குரல் பிறசர் குளிசையைப் பற்றித் தமிழில் கதைக்கத் தொடங்கியது. பொலிஸ்காரரின் முகம் இறுகியது. நாடாவை முன்னுக்கு ஓட்டிவிட்டுத் திரும்பவும் அமத்தினார். ஆர்கன் வந்தது. அறையே நிறைந்துபோனது. வாசலில் நின்ற இளம் பொலிஸ்காரன் தொப்பியைக் கழற்றலாமா என்று யோசித்ததைக் கண்டேன்.

"மே கவுத?" என்றார், இது யார் என்று.

"மகே மஹத்தயா எவ்வா," என்றேன். என் புருஷன் அனுப்பினது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதைத்தான் முழுதாகச் சொல்ல முடிந்தது. ஆனால் சொல்லும்போது என் தலை நிமிர்ந்து இருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் கேட்டார், கொட்டாவி விட்டார், சரி சரி என்பதற்கு "ஹரி, ஹரி" என்று நிறுத்திவிட்டுப் போனார்.

அந்தக் கிழமை என் புருஷன் ரெலிபோன் எடுத்தார். அப்போதெல்லாம் காலி வீதியில் இருந்த கொமியூனிக்கேஷன் கடைக்குப் போய்த்தான் கதைக்கவேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் மாமி முதலில் அழுதுகொண்டு கதைத்தார். பிறகு என்னிடம் தந்துவிட்டு எனக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"நீங்கள் கடைசியில வைச்சு அனுப்பிற மியூசிக்காலதான் அண்டைக்குத் தப்பினனாங்கள்," என்றேன்.

"எந்த மியூசிக்?"

"கசெற்றில, உங்கட கதை முடிய வருமே, அது."

"ஐயோ, அதுவோ!" என்றார். "இஞ்ச சேர்ச்சுக்காரர் பழைய சாமான் விக்கிற கடை ஒண்டிருக்கு. அங்கதான் கசெற் வாங்கிறனான். பாட்டுக் கசெற்றுகளின்ர முதுகில இருக்கிற சின்னத் துண்டை முறிச்சு விட்டிருப்பாங்கள், ஒருத்தரும் அதை அழிக்காமல். அந்த ஓட்டைக்கு மேல பிளாஸ்ரர் ஒட்டினா எங்கட கதையை றெக்கோட் பண்ணலாம். மிச்சத்தில பழையது இருக்குமெண்டு எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் கடைசிமட்டும் கேக்கிறேல்லை. குறை நினையாதேயும். இனிப் புதுசே வாங்கிறன்."

"சரி," என்றேன். கசெற்றுகளின் முதுகில் அந்தப் பிளாஸ்ரரை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். மனிதர் கவனமானவர், உடையாமல் ஒட்டி அனுப்பியிருக்கிறார் என்று அதற்கும் ஒரு புகழ்ச்சி மனதுக்குள் சொல்லியிருந்தேன். கடைக்குள் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் மாமி என்னென்னவோ கேட்டார். நான் காதில் விழாததுபோல முன்னுக்கு நடந்தேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அவர் செய்த பிழை ஒன்றும் இல்லை என்பதால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை. நான் விரும்பத் தொடங்கியிருந்த ஆள் ஒருவர் அன்றோடு இல்லாமல் போனார். மிஞ்சியது அரிசி விலை சொல்லுகிறவர்.

சொன்னபடி புதுக் கசெற் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கேட்டோம். குரல் முடிந்தது, மாமி எழும்பினார், நான் இருந்தேன். வெறும் இரைச்சல். கசெற் முடியும்வரை அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். எதற்கென்று இன்றைக்கும் தெரியாது.

நாங்களும் பதிலுக்குக் கசெற்றில்தான் கதைத்து அனுப்புவோம். மாமி, மச்சாள், பிறகு நான். "நான் சுகமா இருக்கிறன், மாமியும் சுகம்," என்ற இரண்டு வசனம் என் பங்கு. அந்த முறை அதைச் சொல்லி முடித்ததும் மாமியும் மச்சாளும் பஸ்ஸடிக்குப் போனார்கள். நாடா இன்னும் மிச்சம் இருந்தது. நான் திரும்பவும் சிவப்புப் பொத்தானை அமத்தினேன். அமத்திவிட்டு என்ன கதைப்பது என்று தெரியாமல் விழித்தேன். கடைசியில், முதலாவது கசெற்றில் வந்த அந்த வயலின் சங்கீதத்தை வாயை மூடிக்கொண்டு முனகினேன். அந்தப் பெரிய வயலினின் பகுதியை மட்டும். என் தொண்டைக்குள் நுழைந்ததும் அது தேவாரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. திருத்த முடியவில்லை. நடுவில் ரயில் வேறு போனது. முடிந்த பிறகு, "இது எதெண்டு ஆரிட்டையாவது கேட்டுச் சொல்லுங்கோ. தொடக்கம் எனக்குத் தெரியாது. தொடக்கத்துக்கு மேல உங்கட கதை இருக்கு," என்றேன். சொல்லிவிட்டு அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் மாமி படலையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

பதில் வர நாளெடுத்தது. அவருக்குக் கோபமாக்கும், அல்லது சிரித்துவிட்டு மறந்திருப்பார் என்று நினைத்தேன். விசா அலுவலும் எங்கோ சிக்கிக்கொண்டு நின்றது. அது சிக்கினாலும் பரவாயில்லை என்று மனதின் ஒரு மூலை சொன்னதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு கசெற் ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை, தேத்தண்ணி, மச்சாள், எல்லாம் வழக்கம்போல. குளிசையும் பனியும் முடிந்த பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"அவ ஒரு சங்கீதத்தைக் கேட்டு அனுப்பியிருந்தா," என்றார். மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். மச்சாள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் சிரித்தார். "ரவுன் லைப்ரரிக்குக் கொண்டுபோனனான். அங்க இருக்கிற மனிசிக்கு அவ பாடினதைப் போட்டுக் காட்டினன். அது தெரியாதெண்டிச்சு. வாற ஆக்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிச்சு. ஒருத்தருக்கும் தெரியாது. பிறகு சேர்ச்சில ஆர்கன் வாசிக்கிற ஒரு கிழவர் வந்து கேட்டுப்போட்டு, இது நாலு பேர் வாசிக்கிறதில அடியில நிக்கிற பெரிய வயலினின்ர பகுதி எண்டார். எழுதின ஆள் ஒரு சின்ன ஊரில படிப்பிச்சவராம். இந்த நாட்டில பெரிய ஆள் ஒருத்தர் இருக்கிறார், எல்லாரும் அவரைத்தான் கேக்கிறதாம். எங்கட ஆள் அவருக்குப் பக்கத்தில நிண்டதால ஒருத்தருக்கும் தெரியாமல் போனாராம். லைப்ரரியில பழைய இசைத்தட்டு ஒண்டு இருந்தது. இரவல் எடுத்தனான். இப்ப தொடக்கத்திலயிருந்து வருது."

எங்கட ஆள் என்றார். எங்கட என்ற அந்தச் சொல்லுக்குள் நானும் இருந்தேன்.

மச்சாள் பஸ் பிந்திவிடும் என்று எழும்பிப் போனார். ஆனால் மாமி எழும்பவில்லை. பிரம்புக் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்தார். "என்ர பிள்ளை ஊரெல்லாம் அலைஞ்சு எடுத்து அனுப்பினது. கேட்டுப்போட்டுத்தான் எழும்புவன்," என்றார். பற்றரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏமாற்றமும் வந்தது.

தொடக்கத்தை நான் எத்தனையோ விதமாகக் கற்பனை செய்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அந்தப் பெரிய வயலின் மட்டும் தனியே வந்து ஏதோ கேட்டது. மற்றவை பதில் சொல்லவில்லை. திரும்பவும் கேட்டது. நெடுநேரத்துக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கிட்ட வந்தன. அதனால்தான் கடைசியில் அவ்வளவு முனகல் என்று அப்போது விளங்கியது. எனக்குத் தெரிந்த இடம் வந்தபோது மாமி கண்ணை மூடியிருந்தார். நித்திரையா கேட்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. சங்கீதம் குறைந்து அடங்கியது. நான் பொத்தானுக்குக் கையை நீட்டினேன்.

அப்போது அவருடைய குரல் வந்தது. மெதுவாக, வாயை றெக்கோடருக்குக் கிட்ட வைத்துச் சொன்னமாதிரி.

"அம்மா இப்ப குசினிக்குள்ள போயிருப்பா."

மாமி கண்ணைத் திறந்தார். றெக்கோடரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மாமி கதிரையிலிருந்து காலை இறக்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, எழும்பிக் குசினிக்குள் போனார். பைப்பைத் திறந்தார். கழுவி வைத்த சட்டி பானைகளையெல்லாம் திரும்பவும் கழுவத் தொடங்கினார், ஊருக்கே கேட்கிறமாதிரி.

"முந்தி வந்த மியூசிக் ஒண்டும் நான் வைச்சதில்லை," என்றார் அவர். "உமக்கு அது தெரியும். இது நான் வைச்சது. இதையும் சொல்லவேணும். வீட்டிலயிருந்து வாற கசெற்றெல்லாத்திலயும் நான் கேட்டு முடிய அதுக்கு மேல ரேடியோப் பாட்டு றெக்கோட் பண்ணிப்போடுவன். நீர் பாடினதில பண்ணேல்லை. வேலையால வந்து அதைத்தான் போட்டுக் கேக்கிறன். ரயில் போறதும் கேக்குது. அந்தக் கசெற்றின்ர முதுகுத் துண்டை முறிச்சுப்போட்டன். இனி ஒருத்தரும் அதை அழிக்கேலாது."

'டக்' என்றது. நாடா அத்தோடு முடிந்துவிட்டது. நான் றெக்கோடரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். குசினியில் பைப் நின்றது.

"முடிஞ்சுதே பிள்ளை?" என்று மாமி கேட்டார்.

"இல்லை மாமி," என்றேன். "இன்னும் கிடக்கு."

திரும்பவும் பைப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது.